இருபத்திரண்டு நிறையுமுன்

21.11.2024, வியாழன்

காலை 6.20க்கு நகுலன் தொலைபேசியில் அழைத்தான். கனடாவில் அப்போது முதல் நாள் இரவு 7.50. "அப்பா, வந்திட்டுது. நிரந்தர வதிவிடம் வந்திட்டுது," என்றான். என் மகன் இந்த வீட்டுப் படலையைத் தாண்டிப் போனது 04.10.2008 அன்று. பதினாறு ஆண்டுகள், ஒரு மாதம், பதினேழு நாட்கள். இரண்டு தடவை நிராகரித்தவர்கள் மூன்றாம் தடவை மனிதாபிமான அடிப்படையில் ஏற்றிருக்கிறார்கள்.

பிறகு விதியை விளக்கினான். தகப்பன் தன் பிள்ளையை அங்கே அழைப்பதாயின், விண்ணப்பம் அவர்கள் கையில் கிடைக்கும் நாளில் பிள்ளை மணமாகாதவராகவும் இருபத்திரண்டு வயது நிறையாதவராகவும் இருத்தல் வேண்டும். அன்றைய வயதை அப்படியே பூட்டிவிடுவார்கள். அதன்பின் பரிசீலனை எத்தனை ஆண்டு இழுபட்டாலும் பாதகமில்லை. ஒரு நாள் பிந்தினாலோ, பிள்ளை சட்டத்தின் கண்ணில் பிள்ளையல்ல.

என் பேத்தி லக்சிகாவின் பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதி 29.01.2003. ஆகவே இறுதி நாள் 28.01.2025. இன்றைய நாளையும் சேர்த்து அறுபத்தொன்பது நாட்கள் உள்ளன.

கோப்பு என் பொறுப்பில் இருக்கட்டும் என்று கூறினேன். வலயக் கல்வி அலுவலகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, பிரதம எழுதுவினைஞராக ஓய்வு பெற்றவன் நான். என் மேசையைக் கடந்த எந்தக் கோப்பும் குறைபாட்டுக் குறிப்புடன் திரும்பி வந்ததில்லை.

பிறந்த திகதி குறித்து நகுலன் இன்னும் ஏதோ கூற முற்பட்டான். அது பழைய விடயம். இங்கே பதிய வேண்டிய அவசியமில்லை.

22.11.2024, வெள்ளி

தகரப் பெட்டியைத் திறந்து லக்சிகாவின் பத்திரங்களை வெளியே எடுத்தேன். அவளுக்கெனப் புதிய கோப்பு உறை. அவளது தாய் கௌசலாவின் இறப்புச் சான்றிதழும் (2011) அதே பெட்டியில் இருந்தது. என் மனைவியினதும் (1998) இருந்தது. அவற்றை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

கண் அழுத்தத்துக்கான சொட்டு மருந்து: காலை 6, பிற்பகல் 2, இரவு 9. மூன்று வேளையும் லக்சிகா விட்டாள். என் வலக்கையில் சிறு நடுக்கம் உண்டு. எழுதுவதற்கு அது தடையில்லை; சொட்டு விடுவதற்குத் தடை.

27.11.2024, புதன்

மூன்றாம் நாளாக அடைமழை. எங்கள் ஊர் மீசாலை முழுவதும் வெள்ளம். கிணற்றுக் கட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நிற்கிறது. கோப்பை அலுமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினேன். பத்து நிமிடம் கழித்து லக்சிகா வந்து, என்னைக் கட்டிலில் காலைத் தூக்கி வைத்திருக்கச் சொன்னாள்.

"கோப்பைத் தூக்கி வைச்சனீங்கள், உங்களை ஆர் தூக்கி வைக்கிறது?" என்றாள்.

பிற்பகல் மருந்து 2.25க்கு விடப்பட்டது. முன்பள்ளிப் பிள்ளைகளை வீடுகளில் சேர்ப்பித்துவிட்டு முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தாள். அவள் அங்கே உதவி ஆசிரியை.

02.12.2024, திங்கள்

பத்திரங்களைப் பிரதி எடுத்துக் கணினியில் ஏற்றுவதற்காகச் சந்தியிலுள்ள தவமணியின் கடைக்குச் சென்றேன். தவமணி விதவை, எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். கடையில் ஒரு பிரதி இயந்திரமும் ஒரு கணினியும் உள்ளன. நாக்குக்குக் குறைவில்லை.

பிறப்புச் சான்றிதழை இயந்திரத்தில் வைத்தவர், திகதியைப் பார்த்துச் சிரித்தார்.

"இருபத்தொன்பது தை. பாத்தியளோ ஐயா, உங்கட பேத்தி நாள் பாத்துப் பிறந்திருக்குது. என்ர பெடிக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. மாசி ஒண்டில வந்து நிண்டான்."

இதற்கு ஒரு விளக்கம் தேவை. எங்கள் பேச்சில் தை என்பது ஜனவரி, மாசி என்பது பெப்ரவரி. இந்நாட்டில் முதலாம் வகுப்பில் சேர்வதற்கு, அவ்வாண்டு ஜனவரி 31ஆம் திகதி பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருத்தல் வேண்டும். தவமணியின் மகன் ரமணன் பிறந்தது 01.02.2002. 2007இல் அவர் பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு மேன்முறையீட்டுடன் வந்தார். கடிதத்தை நான்தான் வாசித்தேன். விதியை நான்தான் எடுத்துரைத்தேன். ரமணன் ஒரு வருடம் வீட்டிலிருந்து, 2008இல் லக்சிகாவுடன் ஒரே வகுப்பில் சேர்ந்தான்.

"ஒரு நாள் எண்டாலும் நாள்தானம்மா எண்டனீங்கள். சொன்ன மாதிரி இப்பவும் காதில நிக்குது," என்றார் தவமணி, சிரித்தபடியே.

விதி விதிதான் என்று பதிலளித்தேன்.

09.12.2024, திங்கள்

பொலிஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பம் அனுப்பப்பட்டது. முகவரிக் கட்டத்தில் வீட்டின் புதிய இலக்கம் 22 எழுதப்பட்டுள்ளது. பிரதேச சபை 2021இல் வீதியின் வீடுகளுக்கெல்லாம் புதிய இலக்கம் இட்டது. பழைய இலக்கம் 14.

17.12.2024, செவ்வாய்

சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் கிடைத்தன. மூன்றாவது தாளில் மொழிபெயர்ப்பாளரின் முத்திரை அவரது கையொப்பத்தின்மீது ஏறியிருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

"வாசிக்கலாம்தானே அப்பப்பா?" என்றாள் லக்சிகா.

"வாசிக்கலாம் என்பது வேறு, ஒழுங்காக உள்ளது என்பது வேறு."

அவள் தாளை உறைக்குள் இட்டாள். மீண்டும் யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தேறிப் போய் வந்தாள்.

03.01.2025, வெள்ளி

மொழிபெயர்ப்புகள் பூர்த்தி. படிவங்கள் பூர்த்தி. ஒளிப்படங்கள் பூர்த்தி. பொலிஸ் நற்சான்றிதழ் ஒன்றுதான் நிலுவை. இருபத்தாறு நாட்கள் உள்ளன.

நகுலனின் அழைப்பு, காலை 7.05. "அப்பா, அங்க எல்லாத்தையும் வடிவா அடுக்கிக்கொண்டிராம, வந்ததை வந்த உடன அனுப்புங்கோ. நான் இரவு வேலைக்குப் போட்டு வந்து ஏத்திறன்," என்றான். அரைகுறையாக அனுப்பும் பழக்கம் எனக்கில்லை என்றேன். எல்லாவற்றையும் ஒருமித்துத்தான் அனுப்புவேன்.

14.01.2025, செவ்வாய்

தைப்பொங்கல். காலை 6.48க்குப் பானை பொங்கியது. தொலைபேசித் திரையில் நகுலன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய யன்னலுக்கு வெளியே பனி.

லக்சிகா அவனிடம் கேட்டாள்: "அப்பா, ஏயர்போட்டில என்னை எப்பிடிக் கண்டுபிடிப்பியள்? நீங்கள் போகேக்க எனக்கு முன்பல்லுக் கூட விழேல்ல."

"நீ என்னைக் கண்டுபிடியன்."

"உங்களைக் கண்டுபிடிக்கலாம். அப்பப்பான்ர மூக்கு."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பின்னும் இரண்டு பக்கத்திலும் யாரும் தொலைபேசியை வைக்கவில்லை. பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. என் மருந்து 6.40க்கு விடப்பட்டது, பொங்கலை முன்னிட்டுத் தாமதம்.

அவள் அங்கே போனால் எந்த உடுப்பு வேண்டும், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்று நாள் முழுவதும் பேசினாள். கண் மருந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அது பேச வேண்டிய விடயமன்று.

17.01.2025, வெள்ளி

காலை 11.10க்குப் பொலிஸ் நற்சான்றிதழ் பதிவுத் தபாலில் கிடைத்தது. லக்சிகா முன்பள்ளியில் இருந்தாள். நானே கையொப்பமிட்டுப் பெற்றேன்.

குற்றப் பதிவு எதுவும் இல்லை. பெயர் சரி. பிறந்த திகதி சான்றிதழுடன் ஒத்துள்ளது. முகவரி: இல. 22. ஆனால் அவளது தேசிய அடையாள அட்டையில் இல. 14. இரண்டு பத்திரங்களில் இரண்டு இலக்கங்கள்.

தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பரிசீலனையில் உள்ளது.

18.01.2025, சனி

பரிசீலனையில் உள்ளது.

19.01.2025, ஞாயிறு

பரிசீலனையில் உள்ளது. லக்சிகா தபால் வந்ததா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தபால் இல்லை என்றேன். அது உண்மை.

20.01.2025, திங்கள்

பிற்பகல் மருந்தை விட்டபின், "அப்பப்பா, நான் போனாப்பிறகு தவமணி அன்ரி வந்து மருந்து விடுவா. கேட்டனான். ஓமெண்டவா," என்றாள். அந்த ஏற்பாடு தேவையற்றது என்றேன். ஏன் என்று கேட்டாள். தவமணியின் கைகளில் எப்போதும் இயந்திர மை இருக்கும் என்றேன்.

பரிசீலனையில் உள்ளது.

21.01.2025, செவ்வாய்

முகவரியைத் திருத்தித் தருமாறு கேட்டுக் கடிதம் எழுதி, மூலச் சான்றிதழையும் இணைத்து, காலை 9.30க்குக் கொழும்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வீடு திரும்பிய பின்பே லக்சிகாவிடம் கூறினேன்.

அவள் அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அது எப்ப வந்தது?"

"பதினேழாம் திகதி."

"ஒரு ஸ்கான் எடுத்து வைச்சனீங்களோ?"

"பிழையான தாளுக்குப் பிரதி எதற்கு?"

"ஒரு போட்டோ? ஃபோனில?"

இல்லை என்றேன். குறைபாடுள்ள பத்திரமொன்றின் பிரதி உலகில் எங்கும் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. முப்பத்தாறு ஆண்டுகள் அதன்படியே நடந்தவன்.

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாலகத்துக்குப் போனாள். தபால் பை அதற்குள் ஏற்றப்பட்டுவிட்டது. வந்து சோறு போட்டாள். தான் சாப்பிடவில்லை. பிற்பகல் மருந்து சரியாக 2 மணிக்கு விடப்பட்டது.

22.01.2025, புதன்

நகுலன் தொலைபேசியில் சத்தம் போட்டான். அவன் என்னிடம் உரத்த குரலில் பேசியது இதுவே முதல் தடவை. பதிலுக்கு நான் குரலை உயர்த்தவில்லை.

25.01.2025, சனி

கொழும்பிலிருந்து தகவல் இல்லை. லக்சிகா நேற்றும் இன்றும் தொலைபேசியில் முயன்றாள். இன்று நீங்கலாக மூன்று நாட்கள் உள்ளன.

27.01.2025, திங்கள்

தகவல் இல்லை.

28.01.2025, செவ்வாய்

தபாற்காரர் 10.50க்கு வந்தார். தவமணி வீட்டுக்கு மட்டும் ஒரு கடிதம்.

நகுலன் அங்கே தனக்கு விண்ணப்பம் தயாரிக்கும் ஆலோசகரிடம் கேட்டிருக்கிறான். சான்றிதழ் திருத்தத்துக்குப் போயிருக்கிறது என்ற விளக்கக் கடிதத்தை அதன் இடத்தில் வைத்து அனுப்பிப் பார்க்கலாம், ஆனால் முழுமையற்றது என்று திருப்பினால் வயது பூட்டப்படாது என்றாராம். வேறு வழியில்லை. நான் விளக்கக் கடிதத்தை எழுதினேன். லக்சிகா எடுத்துச் சென்று தவமணியின் கடையில் ஏற்றினாள். இரண்டு பந்திகள். ஒரு பிழையும் இல்லை.

29.01.2025, புதன்

இங்கே காலை 10.30 ஆகும் வரை அங்கே நேற்றைய திகதிதான். 10.04க்கு நகுலன் செய்தி அனுப்பினான்: போய்விட்டது. அங்கே அப்போது 28ஆம் திகதி இரவு 11.34.

சான்றிதழின்படி இன்று லக்சிகாவுக்கு இருபத்திரண்டு. தவமணி கேசரி கொண்டு வந்தார். "இண்டைக்குத்தானே பிறந்தநாள்? முகத்தைப் பாத்தால் செத்தவீடு மாதிரிக் கிடக்கு," என்றார். லக்சிகா அவருக்காகச் சிரித்தாள்.

30.01.2025, வியாழன்

காலை 11.20. திருத்திய நற்சான்றிதழ் கிடைத்தது. இல. 14. எல்லாம் ஒத்துள்ளன.

லக்சிகா அதை வாங்கி வாசித்துவிட்டு, மடிக்காமல், மேசையில் என் முன்னால் வைத்தாள். "இப்ப வடிவா இருக்கு," என்றாள்.

31.01.2025, வெள்ளி

2003ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று விளக்க வேண்டியுள்ளது.

போர் காரணமாக 2000இல் இந்தத் தென்மராட்சியை விட்டுப் போனவர்கள் நாங்கள். 2003 தொடக்கத்தில் கரவெட்டியில் உறவினர் வீட்டில் இருந்தோம். நகுலன் கட்டாரில் வேலையில் இருந்தான். கௌசலாவுக்கு அங்கே, வீட்டிலேயே, மருத்துவிச்சியின் கையில் பெண் குழந்தை பிறந்தது. பிறப்பை அறிவித்தவன் நான். 10.03.2003 திங்கட்கிழமை பதிவாளரிடம் சென்று, குழந்தை 29.01.2003 அன்று பிறந்ததாகக் கூறிக் கையொப்பமிட்டேன். அந்தத் திகதியின்படி அது நாற்பதாம் நாள். சட்டம் அனுமதிப்பது நாற்பத்திரண்டு.

உண்மையில் அது இருபத்தேழாம் நாள்.

குழந்தை பிறந்தது 11.02.2003, செவ்வாய், அதிகாலை 4.10. ஜனவரி 31ஐத் தாண்டிப் பதினொரு நாள். அப்படியே பதிந்தால் ஒரு வருடம் பிந்தித்தான் பள்ளிக்கூடம் போயிருப்பாள். பதின்மூன்று நாளை முன்னே தள்ளினேன். இப்படிச் செய்யாத குடும்பம் அந்நாளில் குறைவு. நகுலனுக்கும் கௌசலாவுக்கும் தெரியும். குழந்தைக்குக் கூற வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

அதன் பின்னர் என் நாட்குறிப்பில் ஜனவரி 29ஆம் பக்கத்தில் "பெண் குழந்தை" என்று எழுதினேன். பெப்ரவரி 11ஆம் பக்கத்தை அடுத்த பக்கத்துடன் கோதுமை மாப் பசையால் ஒட்டினேன். கிழிக்க மனம் வரவில்லை. நாட்குறிப்பில் பக்கம் கிழிப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல்.

2007இல் தவமணி தன் மகனுடன் என் மேசைக்கு முன்னால் நின்றபோது, அந்தப் பக்கம் ஒட்டி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று நாட்குறிப்பைத் திறந்தேன். பக்கங்கள் ஒட்டியிருக்கவில்லை. ஓரத்தில் ஒரு கிழிசல்கூட இல்லாமல், மிகக் கவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பசை காய்ந்து மஞ்சளித்திருந்தது. பிரித்தது இன்றோ நேற்றோ அல்ல.

இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான்.

01.02.2025, சனி

லக்சிகாவிடம் எதுவும் கேட்கவில்லை. மருந்து 6, 2, 9.

06.02.2025, வியாழன்

விண்ணப்பம் திரும்பிவிட்டது. முழுமையற்றது. குறைபாடு: பொலிஸ் நற்சான்றிதழ்.

"மாதக்கணக்கில போட்டு வைக்கிறவங்கள். இதுக்கு மட்டும் ஒன்பது நாள்," என்றான் நகுலன். சத்தம் போடவில்லை. முன்பு போட்டதே நன்றாக இருந்தது.

மீண்டும் அனுப்பலாம். ஆனால் அனுப்பும் நாளில் அவளுக்குச் சான்றிதழின்படி இருபத்திரண்டு நிறைந்துவிட்டது.

சான்றிதழின்படி. உண்மையின்படி இன்னும் நான்கு நாட்கள் உள்ளன. 7, 8, 9, 10.

07.02.2025, வெள்ளி

லக்சிகா முன்பள்ளிக்குப் போனபின் நகுலனை நானே அழைத்தேன்.

"உண்மைத் திகதியைச் சொன்னால் என்ன?" என்றேன்.

அங்கே கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா, நான் இங்க வந்த நாளில இருந்து குடுத்த எல்லாக் கடதாசியிலயும் இருபத்தொன்பது தை எண்டுதான் கிடக்கு. என்ர கையெழுத்தோட. இப்ப போய் அது பொய் எண்டு சொன்னா, பிள்ளையும் வராது, என்னையும் பிடிச்சு அனுப்புவாங்கள்."

"நான் செய்த பிழை என்று எழுதித் தருகிறேன்."

"அண்டைக்கு நீங்கள் கேக்கேக்க நானும் ஓமெண்டுதானே சொன்னனான். விடுங்கோ." பிறகு, "பிள்ளை என்ன செய்யுது?" என்று கேட்டான்.

முன்பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

08.02.2025, சனி

2003ஆம் ஆண்டு நாட்குறிப்பைப் பையில் இட்டு, முச்சக்கர வண்டியில் சாவகச்சேரிக்குச் சென்றேன். ஓய்வுபெற்ற சட்டத்தரணி குமாரவேலர் என் வயதினர். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர். பிரிக்கப்பட்ட பக்கத்தைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்தார்.

"நீரோ? பரஞ்சோதி, நீரோ இதைச் செய்தனீர்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நான் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

திகதியைத் திருத்த முடியுமா என்றேன்.

"திருத்தலாம். மாதக்கணக்காகும். அதை விடும். விசாவுக்கு வயது கடந்து பத்தாம் நாள், பிறந்த திகதி பிழை எண்டு கிழவன் ஒருத்தன் டயரியும் கொண்டு வந்து நிண்டா, ஆர் காணும் நம்புவினம்? நீர் 2003இல சொன்னது பொய். அதை நம்பினாங்கள். இப்ப சொல்லுறது உண்மை. இதைத்தான் பொய் எண்டுவாங்கள்."

தேநீர் தந்தார். குடித்தேன். திரும்பும்போது வாசல் வரை வந்து, "பிள்ளைக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

10.02.2025, திங்கள்

இறுதி நாள். பதிவதற்கு எதுவுமில்லை.

11.02.2025, செவ்வாய்

ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் லக்சிகா பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்வாள். முதலில் தாயுடன் போனாள். தாய் இறந்தபின் தனியே போகிறாள். "தாயின் நேர்த்திக்கடன்" என்று என் பழைய நாட்குறிப்புகளில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று இடங்களிலாவது இருக்கும்.

இன்றும் போனாள். திரும்பி வந்து எனக்கு விபூதி பூசினாள். மணி 2. சாய்மனைக் கதிரையில் தலையைப் பின்னே சாய்த்தேன். இரண்டு கண்களிலும் மருந்தை விட்டாள். வழமைபோல, "மூடுங்கோ. ஐஞ்சு நிமிசம் திறக்கக் கூடாது," என்றாள். மூக்கோரத்தை விரல்களால் அழுத்திக்கொண்டு கண்களை மூடியிருந்தேன். மருந்து உள்ளே நிற்பதற்கு அப்படித்தான் செய்ய வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் அசையக் கூடாது.

கதிரையை இழுத்து அருகில் அமரும் சத்தம் கேட்டது.

"அப்பப்பா, இண்டைக்குத்தான் எனக்கு இருபத்திரண்டு."

நான் அசையவில்லை.

"அம்மா சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்லாத எண்டு சொல்லித்தான் சொன்னவ. பிறகு பதினைஞ்சு வயதில உங்கட டயரியைப் பாத்தனான். மாப் பசைதானே, கேத்தில் ஆவியில பிடிக்க வந்திட்டுது. நாலு பத்து எண்டு நேரமும் போட்டிருந்தியள். எனக்குச் சரியான சந்தோசம், நான் பிறந்த நேரம் ஆரோ எழுதி வைச்சிருக்கினம் எண்டு."

"ஏன் கேட்கவில்லை?"

"கேட்டா நீங்கள் வெக்கப்படுவியள்." மருந்துப் போத்தலை மூடும் சத்தம் கேட்டது. "அது பரவாயில்லை அப்பப்பா. அது என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பச் செய்தது. ரமணனும் நானும் சேந்துதான் போனனாங்கள், அவ்வளவுதான். அது பரவாயில்லை."

கடிகாரச் சத்தம் கேட்டது. ஐந்து நிமிடத்தில் இரண்டு போயிருக்கும்.

"அந்த நாலு நாள்?" என்றாள். "பதினேழில இருந்து இருபத்தொண்டு வரைக்கும்? பெட்டிக்குள்ள பூட்டி வைச்சிருந்தது? போன வருசத்து, இந்த வருசத்து டயரியளும் நான் பாத்தனான். மழையில மருந்து பிந்தினது எழுதியிருக்கிறியள். பொங்கல் அடிப்பிடிச்சது எழுதியிருக்கிறியள். அந்த நாலு நாளுக்கு மட்டும் பரிசீலனையில் உள்ளது, பரிசீலனையில் உள்ளது. என்ன பரிசீலிச்சனீங்கள்?"

கண்களைத் திறக்க முற்பட்டேன். அவளது விரல்கள் என் இமைகளின் மேல் வந்தன. அழுத்தவில்லை. வைத்திருந்தாள்.

"இன்னும் நேரம் இருக்கு," என்றாள்.

மருந்து கன்னத்தால் வழிந்தது. இரண்டு பக்கமும். சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழுந்து போனாள்.

12.02.2025, புதன், போயா (பௌர்ணமி) விடுமுறை

17.01.2025, 18.01.2025, 19.01.2025, 20.01.2025 ஆகிய நாட்களின் பதிவுகளுக்குத் திருத்தம்:

மேற்படி நாட்களில் எதுவும் பரிசீலனையில் இருக்கவில்லை. இல. 14, இல. 22 ஆகிய இரண்டும் சரியான இலக்கங்கள். இரண்டும் ஒரே வீடு என்பதை உறுதிப்படுத்தும் பிரதேச சபையின் கடிதம், 03.08.2021 திகதியிட்டது, நற்சான்றிதழை நான் வைத்துப் பூட்டிய அதே பெட்டியில், அதற்கு நேர் கீழே இருந்தது. அதையும் சேர்த்து அன்றே அனுப்பியிருந்தால் போதும். இது எனக்கு 17ஆம் திகதி காலை 11.25க்கே தெரியும்.

காரணம்: காலை 6, பிற்பகல் 2, இரவு 9.

மேற்படி திருத்தம் உண்மையானது. ந. பரஞ்சோதி.

இதை எழுதி முடித்து, அவள் காணும்படி மேசையில் விரித்து வைத்தேன். பின்னர், காலை 6 ஆனதும், மருந்துப் போத்தலை நானே எடுத்தேன். முதல் துளி நெற்றியில் விழுந்தது. இரண்டாவது கன்னத்தில். மூன்றாவது வலக்கண்ணுக்குள் போனது. லக்சிகா அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு வரவில்லை. அங்கிருந்து போகவுமில்லை. இடக்கண் இன்னும் மிச்சமிருக்கிறது.